கிராபால் துறையின் நான்காவது பலகை

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஊர்ப்புறச் சாலைகளின் ஓரமாக ஒற்றைக் கம்பத்தின்மேல் நிற்கும் வரலாற்றுப் பலகைகள் அரசாங்க அறிவிப்பின் தோற்றம் கொண்டவை என்பதால், அவற்றில் உள்ள வாசகத்தைக் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வாசகங்கள், தாம் குறிக்கும் நிகழ்ச்சியைப் பற்றி எவ்வளவு சொல்கின்றனவோ அதே அளவுக்கு, அவை நடப்பட்ட காலத்தில் அந்த ஊரில் பேசும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சொல்கின்றன. மிசிசிப்பி மாநிலத்தின் டாலஹாச்சி கவுண்ட்டியில் கடந்த இருபது ஆண்டுகளில் நடப்பட்டு, பிடுங்கப்பட்டு, சுடப்பட்டு, மீண்டும் மீண்டும் நடப்பட்ட பலகைகளின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. ஒரு குற்றத்தின் நினைவை அது நடந்த மண்ணின் மக்களே தங்கள் பெயரில் எழுதி நிறுத்துவதற்கு, தலைநகரத்து அருங்காட்சியகம் எதுவும் ஈடாகாது என்பதையும் அவ்வரலாறு காட்டுகிறது.

கவுண்ட்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பகுதி. அதற்கெனத் தனி நீதிமன்றமும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் என்னும் காவல் தலைவரும், சாலை முதல் வரிவிதிப்பு வரை முடிவுசெய்யும் மேற்பார்வையாளர் குழுவும் உண்டு. ஊர்ப்புறங்களில் ஒரு மனிதனின் அன்றாட வாழ்வில் அரசாங்கம் என்பது பெரும்பாலும் இந்தக் கவுண்ட்டிதான். ஆகவே அங்கே எந்த நினைவு சாலையோரத்தில் நிற்கலாம் என்பதும் பெருமளவுக்கு இதே நிர்வாகத்தின் இசைவைப் பொறுத்ததாகவே இருந்துவந்திருக்கிறது.

சாலையோரப் பலகைகளை முறையான மாநிலத் திட்டமாக முதலில் விரிவுபடுத்திய மாநிலங்களுள் வர்ஜீனியா முக்கியமானது. மோட்டார் வாகனங்கள் பெருகி மக்கள் நெடுந்தொலைவு பயணம் செய்யத் தொடங்கிய 1920-களின் பிற்பகுதியில் அங்கே இத்திட்டம் தொடங்கியது. மிசிசிப்பியின் திட்டம் 1949-இல் வந்தது. பொதுவாக இப்பலகைகள் வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. எழுத்துகள் தகட்டிலிருந்து புடைத்து நிற்க, மேலே மாநிலத்தின் சின்னம் இருக்கும். வாசகம் ஒரு சிறு பத்திக்குள் அடங்க வேண்டும் என்பதால், எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதே எழுதுபவருக்குப் பெரிய முடிவாகிறது. பெரும்பாலான மாநிலங்களில் பலகைக்கான விண்ணப்பத்தைத் தருபவரும் செலவை ஏற்பவரும் உள்ளூர்ச் சங்கமோ குடும்பமோ நகராட்சியோதான். மாநிலத் துறை வாசகத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறது. இந்த ஏற்பாட்டின் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. சங்கம் அமைக்கவும் பணம் திரட்டவும் அலுவலகப் படியேறி விண்ணப்பிக்கவும் இயன்றவர்களின் முன்னோரே பல தலைமுறைகளாகச் சாலையோரங்களில் இடம்பெற்றனர்.

லூயிசியானாவின் கிராண்ட் பாரிஷில் நடந்தது இதன் உச்சம். லூயிசியானாவில் கவுண்ட்டிக்குப் பாரிஷ் என்று பெயர். உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் தொடங்கிய, மறுசீரமைப்புக் காலம் எனப்படும் ஆண்டுகளில், 1873 ஏப்ரல் 13 அன்று, ஈஸ்டர் ஞாயிறு தினத்தில், கோல்ஃபாக்ஸ் ஊர் நீதிமன்றத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் தாக்கியது. சரணடைந்தவர்கள் பலரும் அதன் பின்னரே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1950-இல் மாநில அரசு அங்கே நட்ட பலகை இந்தப் படுகொலையைக் கலவரம் என்று குறிப்பிட்டு, மூன்று வெள்ளையரும் நூற்றைம்பது கறுப்பினத்தவரும் இறந்தனர் என்று எண்ணிக்கையை மட்டும் தந்து, அந்நாளோடு தெற்கில் வந்தேறிகளின் சீர்கெட்ட ஆட்சி முடிந்தது என்று முடித்தது. கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையை அறிந்திருந்தும் அவர்களுடைய சாவை நல்லாட்சியின் தொடக்கமாக எழுதிய ஒரு மாநில அரசின் வாசகம் 71 ஆண்டுகள் அங்கே நின்று, 2021 மே மாதத்தில்தான் அகற்றப்பட்டது. கொல்லப்பட்டவர்களுக்கான புதிய நினைவுச் சின்னம் 2023-இல், படுகொலையின் 150-ஆம் ஆண்டு நாளில், திறக்கப்பட்டது.

கோல்ஃபாக்ஸில் இருந்தது பொய் வாசகம் என்றால், டாலஹாச்சியில் இருந்தது நீண்ட மௌனம். பருத்தி விளையும் டெல்டா சமவெளியின் விளிம்பில் உள்ள இந்தக் கவுண்ட்டியில் 1950-இல் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் கறுப்பினத்தவரே பெரும்பான்மையர். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன், பக்கத்து லெஃப்ளோர் கவுண்ட்டியில் உள்ள மணி என்னும் சிற்றூரில், கடைக்கார வெள்ளையப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று குற்றம்சாட்டப்பட்டான். ஆகஸ்ட் 28 அன்று விடியுமுன் அப்பெண்ணின் கணவர் ராய் பிரையன்ட்டும் தாய் ஒன்றாய்த் தந்தை வேறான அவருடைய சகோதரர் ஜே.டபிள்யூ. மிலமும் சிறுவனை அவன் தங்கியிருந்த உறவினர், பெரியவர் மோசஸ் ரைட்டின் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றனர். மூன்று நாள் கழித்து, கழுத்தில் பருத்தி அரவை ஆலையின் காற்றாடி முள்கம்பியால் கட்டப்பட்ட நிலையில், டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. காற்றாடியின் எடை ஏறத்தாழ 34 கிலோ. சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியை மூடாமல் வைக்கச் சொன்ன தாய் மேமி டில்லின் முடிவும், ஜெட் இதழில் வந்த படங்களும், நாடு முழுவதும் கறுப்பின மக்களை உலுக்கின.

வழக்கு நடந்தது சம்னர் ஊரில் உள்ள டாலஹாச்சி கவுண்ட்டி நீதிமன்றத்தில். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களே ஜூரிகளாக முடியும். அந்தப் பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. மிசிசிப்பியில் பெண்கள் ஜூரிகளாக அமர 1968 வரை அனுமதி இல்லை. எனவே பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் அமர்ந்தனர். அக்காலத்து மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமமான செயலாக, மோசஸ் ரைட் கூண்டில் எழுந்து நின்று, தம் வீட்டுக்கு வந்தவர்களைக் கை நீட்டி அடையாளம் காட்டினார். செப்டம்பர் 23 அன்று, 67 நிமிட ஆலோசனைக்குப் பின், ஜூரிகள் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தனர்.

அதன் பிறகு நடந்தது, பலகைகளின் வரலாற்றுக்கு மிக இன்றியமையாதது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டாம் முறை விசாரிக்கக் கூடாது என்னும் சட்டப் பாதுகாப்பைப் பெற்றுவிட்ட பிரையன்ட்டும் மிலமும், பணம் பெற்றுக்கொண்டு, கொலையைத் தாங்களே செய்ததாக வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹியூயி என்னும் எழுத்தாளரிடம் ஒப்புக்கொண்டனர். அது 1956 ஜனவரியில் லுக் இதழில் வெளிவந்தது. ஆனால் அந்த ஒப்புதல் முழு உண்மை அன்று. கொலையில் வேறு சிலரும் உடனிருந்தனர். சிறுவன் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டது பக்கத்துச் சன்ஃபிளவர் கவுண்ட்டியில், மிலமின் சகோதரர் நிர்வகித்த பண்ணையின் கொட்டகையில். வழக்கில் வில்லி ரீட் என்னும் இளைஞர், அந்தக் கொட்டகையிலிருந்து அடியின் ஓசையையும் அலறலையும் கேட்டதாகச் சாட்சி சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு விடுதலைத் தீர்ப்பின் பாதுகாப்பு இல்லாததால், அவர்களைப் பெயர் சொல்லி எழுதினால் வழக்கு வரும். ஆகவே ஹியூயியின் கட்டுரையில் அவர்களும் இல்லை, கொட்டகையும் இல்லை. கொலை ஆற்றங்கரைக்கு இடம் மாற்றப்பட்டது. கறுப்பின இளைஞர் ஒருவர் அச்சத்தை மீறி நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியத்தைவிட, கொலைகாரர்கள் பணத்துக்கு விற்ற கதையே வரலாறாக நிலைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், கொலை நடந்த சன்ஃபிளவர் கவுண்ட்டி எம்மெட் டில்லின் வரைபடத்தில் இடம்பெறவே இல்லை. மத்தியப் புலனாய்வுத் துறை 2004-இல் வழக்கை மீண்டும் எடுத்து, 2006-இல் அறிக்கை தந்த பிறகே கொட்டகை மறுபடியும் கதைக்குள் வந்தது.

டாலஹாச்சியில், சம்னர் நீதிமன்ற முற்றத்தில், 1913-இல் நிறுவப்பட்ட கூட்டமைப்புப் போர்வீரர் சிலை நின்றது. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைக்கு எடுக்கப்பட்ட நினைவுச் சின்னம் அது. மோசஸ் ரைட் சாட்சி சொல்ல அந்தச் சிலையைக் கடந்தே உள்ளே சென்றார். அதே முற்றத்தில் டில்லைப் பற்றி ஒரு வரிகூட 2007 வரை இல்லை. 1955-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட 50 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள், வெள்ளையரோ கறுப்பரோ, தங்கள் ஊரின் பெயரை உலகம் எதற்காக அறிந்திருக்கிறது என்பதை எந்தச் சாலையிலும் படித்தறிய வழி இல்லை.

இந்த மௌனம் தானாகக் கலையவில்லை. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதன் பலனாகப் பல ஆண்டுகள் கழித்து மேற்பார்வையாளர் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரானவர் ஜெரோம் லிட்டில். அவருடைய முயற்சியால் 2006-இல், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சம அளவில் இடம்பெற்ற எம்மெட் டில் நினைவு ஆணையம் அமைந்தது. 2007 அக்டோபர் 2 அன்று, டில் குடும்பத்தினர் முன்னிலையில், அதே நீதிமன்றத்தின் வாயிலில், கவுண்ட்டி மக்களின் சார்பில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. உண்மையைச் சொல்வதிலிருந்தே இனங்களுக்கு இடையிலான நல்லிணக்கம் தொடங்கும் என்று கூறிய அத்தீர்மானம், நீதி வழங்குவதில் கவுண்ட்டி தவறிவிட்டதை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டது. நீதிமன்றத்தின் எதிரே நிறுத்தப்பட்ட மாநிலப் பலகை, குற்றவாளிகள் இருவரையும் பெயரிட்டு, ஜூரிகள் அனைவரும் வெள்ளையர் என்பதையும், விடுதலையான பின் இருவரும் கொலையை ஒப்புக்கொண்டதையும் சொல்கிறது. எத்தனையோ தென்மாநிலப் பலகைகள், யாரும் செய்யாமல் தானே நிகழ்ந்தது போலக் கொலைகளை எழுதியிருக்கும்போது, செய்தவர் பெயர் பொறித்த இந்த வாசகம் பாராட்டுக்குரிய துணிவு கொண்டது.

அடுத்த ஆண்டில் ஆணையம் கவுண்ட்டியில் பல இடங்களில் பலகைகளை நட்டது. உடல் கரையேற்றப்பட்டதாகக் கருதப்படும் கிராபால் லேண்டிங் என்னும் பழைய படகுத்துறை அவற்றுள் ஒன்று. நெடுஞ்சாலையிலிருந்து விலகி, வயல்களின் ஊடே சரளைச் சாலையில் சென்றால்தான் இந்த ஆற்றங்கரைக்கு வர முடியும். 2008-இல் நடப்பட்ட முதல் பலகையைச் சிலர் பிடுங்கி ஆற்றில் எறிந்தனர். இரண்டாவது பலகை ஆண்டுக்கணக்கில் சுடப்பட்டு, வாசகத்தைப் படிக்க முடியாத அளவுக்குச் சல்லடையாயிற்று. அதில் எண்ணப்பட்ட துளைகள் 317. மூன்றாவது பலகை 2018-இல் நடப்பட்ட 35-ஆம் நாளிலேயே சுடப்பட்டது. துளைபட்ட அந்தப் பலகையின் இருபுறமும் துப்பாக்கிகளோடு நின்று மிசிசிப்பிப் பல்கலைக்கழக மாணவர் மூவர் எடுத்துக்கொண்ட படம் 2019 ஜூலையில் வெளியானபோதுதான், நாடு அந்தச் சரளைச் சாலையின் பக்கம் திரும்பிப் பார்த்தது. படத்தில் அந்த மூவரும் சிரித்துக்கொண்டிருந்தனர்.

அமெரிக்க ஊர்ப்புறங்களில் சாலைப் பலகைகளைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுவது பரவலான வழக்கம். அதில் இனப்பகை தேட வேண்டியதில்லை என்று சொல்வோர் உண்டு. வளைவுகளையும் வேக வரம்பையும் குறிக்கும் பலகைகளுக்கு இந்த விளக்கம் பொருந்தலாம். ஆனால் நெடுஞ்சாலையில் போகிறபோக்கில் கண்ணில் படாத, தேடி வந்தாலன்றிச் சேர முடியாத ஓர் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரே பலகையை, அதை மாற்றி மாற்றி நட்ட பிறகும் விடாமல் சுடுவதற்கு அந்த விளக்கம் போதாது. 2005-இல் எம்மெட் டில் பெயர் சூட்டப்பட்ட நெடுஞ்சாலைப் பகுதியின் பலகையில், அடுத்த ஆண்டே கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் முதலெழுத்துகள் பூசப்பட்டன. மணி ஊரில், இடிந்து கிடக்கும் கடையின் முன் 2011-இல் வைக்கப்பட்ட பலகையின் பின்புறத்தில் இருந்த எழுத்தும் படமும் 2017-இல் சுரண்டி எடுக்கப்பட்டன. ஜார்ஜியாவின் லவுண்ட்ஸ் கவுண்ட்டியில், 1918-இல் கருவுற்றிருந்த நிலையில் கும்பலால் கொல்லப்பட்ட மேரி டர்னருக்காக நடப்பட்ட பலகையும் சுடப்பட்டு, 2020-இல் கழற்றி எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, குறி எது என்பதில் ஐயம் எழ இடமில்லை.

2019 அக்டோபர் 19 அன்று கிராபால் துறையில் நிறுத்தப்பட்ட நான்காவது பலகை, குண்டு துளைக்காத கனத்த எஃகால் ஆனது. எடை 500 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 225 கிலோ. அதைச் சுற்றிக் கேமராக்களும் எச்சரிக்கை மணியும் உண்டு. சில நாட்களிலேயே வெள்ளைத் தேசியவாதக் குழுவொன்று தன் பிரசாரப் படத்துக்காக அங்கே வந்தபோது அந்த மணி அலறி அவர்களைக் கலைத்தது. ஆனால் இந்தப் பலகையின் உண்மையான வலிமை எஃகில் இல்லை, வாசகத்தில் இருக்கிறது. டில்லின் உடல் கிடைத்ததைச் சொன்ன பிறகு, இதே இடத்தில் முன்பு நின்ற பலகைகள் திருடப்பட்டதையும், ஆற்றில் எறியப்பட்டதையும், சுடப்பட்டதையும், திரும்பத் திரும்ப நடப்பட்டதையும் அது வரிசையாகச் சொல்கிறது. தன்மீது நிகழ்ந்த தாக்குதலையும் வரலாற்றின் பகுதியாகத் தானே எழுதிக்கொண்ட பலகைகள் மிக அரியவை. 1955-ஐக் கடந்த காலம் என்று ஒதுக்கிவைக்க விரும்பும் வாசகரை, அந்தச் சில வரிகள் 2018-க்கு இழுத்து வந்து நிறுத்துகின்றன.

உடல் கிடைத்தது சரியாக இந்தத் துறையில்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆற்றில் வேறு இடங்களும் சுட்டப்படுகின்றன. வேறுபாடு இருப்பதையும் மறைக்காமல் சொல்லும் நிலைக்கு இப்பலகைகள் வளர வேண்டும். ஹியூயியின் கட்டுரை ஒரு கொட்டகையை ஐம்பது ஆண்டுகள் மறைத்துவைத்த ஒரு வரலாற்றில், ஐயத்துக்கு இடமுள்ளதை உறுதியெனப் பொறிப்பது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், எதிர்தரப்பின் கையில் ஆயுதம் கொடுப்பதாகவே முடியும்.

நினைவைத் தாங்கும் பணத்தையும் பேச வேண்டும். டாலஹாச்சியின் மக்கள்தொகை 2020-இல் 13 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பருத்தி எடுக்க இயந்திரம் வந்ததும், வேலை தேடி வடக்கே போனவர்கள் திரும்பவில்லை. வருமானம் குன்றிய இத்தகைய பகுதிகளில் வரலாற்றுச் சுற்றுலாவுக்கான மானியம் சிறு தொகையன்று. அது யாருக்குப் போகிறது என்பது நீதி சார்ந்த கேள்வி. மணி ஊரில், டில் நுழைந்த கடை கூரை விழுந்து கொடிகள் மூடிச் சிதைய, அதன் பக்கத்தில் உள்ள பழைய பெட்ரோல் நிலையத்துக்கு, குடிமை உரிமைப் போராட்ட இடங்களுக்கான மாநில நிதியிலிருந்து 2 லட்சம் டாலருக்கும் மேல் 2011-இல் ஒதுக்கப்பட்டு, அது 1950-களின் தோற்றத்தில் அழகாகப் புதுப்பிக்கப்பட்டது. டில்லின் கதையில் அந்த நிலையத்துக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. இரண்டு கட்டடங்களும் சம்னர் வழக்கின் ஜூரி ஒருவருடைய வாரிசுகளின் உடைமை. போராட்டத்தின் பெயரால் வந்த பணம், போராட்டத்துக்குக் காரணமான கடையைத் தொடாமல், அதன் பக்கத்துக் கட்டடத்தில் போய்ச் சேர்ந்ததைத் தற்செயல் என்று ஏற்க முடியாது. விண்ணப்பம் எழுதுபவரே வரலாற்றைத் தீர்மானிக்கும் பழைய ஏற்பாடு இன்னும் மாறவில்லை.

317 துளைகள் கொண்ட இரண்டாவது பலகை 2021-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2023 ஜூலை 25 அன்று, டில் உயிரோடு இருந்தால் 82-ஆம் பிறந்தநாள் கண்டிருக்கும் நாளில், கிராபால் துறையும் சம்னர் நீதிமன்றமும் இறுதிச் சடங்கு நடந்த சிகாகோத் தேவாலயமும் சேர்ந்து தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பும் பராமரிப்பும் மத்திய அரசின் பூங்காத் துறைக்குச் சென்றன. ஏழைக் கவுண்ட்டிக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மத்திய அரசின் கையில் உள்ள வாசகம் மத்திய அரசு மாறும்போது மாறக்கூடியது. 2025 மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, உள்துறையின் கீழுள்ள நினைவிடங்களிலும் பலகைகளிலும் அமெரிக்கரை, அவர்கள் மறைந்தவராயினும் வாழ்பவராயினும், தகாத முறையில் தாழ்த்தும் வாசகம் இருக்கக் கூடாது என்றும், நாட்டு மக்களின் பெருமையை முன்னிறுத்த வேண்டும் என்றும் பணித்தது. அப்படிப்பட்ட வாசகங்களைக் கண்டால் தெரிவிக்குமாறு பார்வையாளரைக் கேட்கும் அறிவிப்புகளும் பூங்காக்களில் வைக்கப்பட்டன. பிரையன்ட்டும் மிலமும் மறைந்த அமெரிக்கர்கள். அவர்களை விடுவித்த பன்னிரண்டு பேரும் அமெரிக்கர்கள். அவர்கள் செய்ததைச் செய்தபடியே எழுதினால், அதைத் தாழ்த்துவது என்று படிக்க ஓர் அதிகாரிக்கு வழி கிடைக்கிறது. தன் மக்களின் வாக்கால் அமைந்த குழுவின் முயற்சியால், தன் நீதிமன்ற வாயிலில், தன் தவற்றைத் தானே வாசித்த கவுண்ட்டிக்கு அத்தகைய மேலிட அனுமதி தேவைப்படவில்லை. ஆகவே பூங்காத் துறை எதை எழுதினாலும், டாலஹாச்சி ஆணையம் தன் பெயரில் நட்ட பலகைகளைத் தன் உடைமையாகவே வைத்துக்கொள்வதும், சன்ஃபிளவரும் லெஃப்ளோரும் தத்தம் மேற்பார்வையாளர் குழுக்களின் தீர்மானத்தோடு தங்கள் பங்கைத் தங்கள் சாலைகளில் எழுதி நிறுத்துவதும் இப்போதே செய்யப்பட வேண்டியவை.